அமுக்கிப் பாருங்கள், திறக்காது

ஒரு கட்டடத்துக்குள் நுழைய நம் ஊரில் என்னென்ன வேண்டும்? அடையாள அட்டை. அதன் நகல். நகலின் மேல் கையெழுத்து. யாரைப் பார்க்க வந்தீர்கள்? நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா? கைபேசி எண்? பையில் என்ன? கேமராவைப் பாருங்கள். விரலை வையுங்கள். பதியவில்லை, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

சரி, வெளியே வர?

சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்க வேண்டியதுதான். அது வேலை செய்யாது.

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இவ்வளவே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. கேட்டிலேயே பிறந்து கேட்டிலேயே வளர்ந்த ஊர் இது. கும்பகோணம் சாலையில் பஸ்ஸில் வருகிறவனுக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்வதே ஆர்ச் கேட்தான். தாண்டினால் எண் போட்ட வட்டங்கள், அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள். 1956இல் இங்கே பழுப்பு நிலக்கரிக் கம்பெனியைத் தொடங்கியவர்கள் மண்ணை எங்கே தோண்டுவது என்று எவ்வளவு யோசித்தார்களோ, யாரை எங்கே நிறுத்துவது என்றும் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சுரங்கத்துக்கு வாசல். அனல்மின் நிலையத்துக்கு வாசல். வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஓர் அட்டை, சொசைட்டித் தொழிலாளிக்கு ஓர் அட்டை, கான்ட்ராக்டரின் ஆளுக்கு ஓர் அட்டை. எந்த அட்டைக்குக் காவலரின் குரல் எந்தச் சுருதியில் எழும் என்பதை இந்த ஊரில் பத்து வயதுப் பையன் சொல்லிவிடுவான்.

கம்பெனியைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு டவுன்ஷிப்பிலும், வெளியே இந்திரா நகரிலும், மந்தாரக்குப்பத்திலும் கொஞ்சம் பெரிய அலுவலகம் என்றால் கண்ணாடிக் கதவு, அதற்கு மேலே மேக்னெட் லாக், வெளிப்பக்கம் கார்டு மிஷின், உள்பக்கம் எக்ஸிட் ஸ்விட்ச். நிதி நிறுவனம், ஸ்கேன் சென்டர், கோச்சிங் சென்டர், கான்ட்ராக்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் இந்த நாலு சாமானைப் பார்க்கலாம். மூன்று ஒழுங்காக வேலை செய்யும். நாலாவது எது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேக்னெட் லாக் ஒன்றும் பெரிய வித்தையில்லை. நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ட் ஓடுகிறவரை தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண ரகத்தின் பிடியே சுமார் 270 கிலோ. எந்தப் பயில்வானாலும் இழுத்துத் திறக்க முடியாது. மின்சாரம் நின்றால் அதே நொடியில் பிடி விட்டுப்போகும்; குழந்தை தள்ளினாலும் கதவு திறக்கும். இதை வடிவமைத்தவனுக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் அக்கறை இருந்திருக்கிறது. தீப்பிடித்துக் கரண்ட் போனால் கதவு தானாகவே ஆட்களை விட்டுவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

நாம் விடுவோமா? கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ளுமாமே, திருடன் வந்துவிடுவானே என்று ஒரு பேட்டரியை வாங்கிப் பக்கத்தில் வைத்தோம். இனி கரண்ட் போகும். விளக்கு அணையும். விசிறி நிற்கும். லிப்ட் நடுவில் நிற்கும். கதவு மட்டும் டியூட்டி பார்க்கும். 1962இலிருந்து நாட்டுக்கு மின்சாரம் அனுப்புகிற ஊர் இது. இங்கே தடையில்லா மின்சாரம் யாருக்கு என்று கேட்டால், பூட்டுக்கு.

பேட்டரி வைப்பது குற்றமில்லை. தீ அலாரம் அடித்தால் அந்தப் பேட்டரியையும் சேர்த்துத் துண்டிக்க ஓர் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு மட்டும் டெண்டரில் இல்லை.

இனி பொத்தான். அதை இரண்டு விதமாக மாட்டலாம். அமுக்கினால் பூட்டுக்குப் போகும் கரண்டையே நேராக அறுப்பது ஒரு விதம். அதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு விதத்தில் பொத்தானிலிருந்து கம்பி கன்ட்ரோலருக்குப் போகும். அமுக்கியதும் ஒரு மனு கிளம்பும்: "ஐயா, ஒருவர் வெளியே போக விரும்புகிறார்." கன்ட்ரோலர் நல்ல மனநிலையில் இருந்தால் பரிசீலித்து ஐந்து விநாடி திறந்துவிடும். கன்ட்ரோலர் ஹேங் ஆகியிருந்தால் மனு நிலுவையில் கிடக்கும். நம் ஊரில் எந்த விதமாக மாட்டுவார்கள்? மனு வாங்காமல் நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்?

அமெரிக்காவில் என்எஃப்பிஏ 101 என்று ஓர் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. ஆள் நெருங்கினால் சென்சர் பார்த்துத் திறக்கிற வகைப் பூட்டுக்கு, சென்சரோடு ஒரு பொத்தானும் கட்டாயம் என்கிறது அது. பொத்தான் தரையிலிருந்து 40 முதல் 48 அங்குல உயரத்தில், கதவிலிருந்து 60 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அமுக்கினால் வேறெந்த மின்னணுச் சாதனத்தையும் கேட்காமல் பூட்டின் மின்சாரம் நேராக அறுபட வேண்டும். பூட்டு குறைந்தது 30 விநாடி விட்டே இருக்க வேண்டும். இருட்டிலும் புகையிலும் தடவிக்கொண்டு வருகிறவன் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்குலக் கணக்கில் யோசித்திருக்கிறார்கள். நம் ஊரில் பொத்தான் எங்கே இருக்கும் என்பது எலெக்ட்ரீஷியன் கையில் மிச்சமிருந்த வயரின் நீளத்தைப் பொறுத்தது. கதவோரம் இருக்கலாம். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் இருக்கலாம். மேனேஜர் ரூமில் இருக்கலாம். காலண்டருக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலண்டரில் இருந்த சாமி எங்களைக் காப்பாற்றினால்தான் உண்டு.

டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், சொன்னால் மற்ற அலுவலகங்களெல்லாம் தங்களுக்கு நற்சான்று கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும். வேலை முடிந்து கதவருகே வந்தேன். பச்சைப் பொத்தான். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் செலோ டேப். டேப்புக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம், அதில் பேனாவால் 'நாட் ஒர்க்கிங்'. பழைய எழுத்து வெளுத்துப்போனதால், பிற்பாடு வந்த புண்ணியவான் ஒருவர் அதே எழுத்தின் மேலே மார்க்கரால் இன்னொரு முறை கெட்டியாக எழுதியிருந்தார். அந்தப் பொத்தானுக்கு நடந்த பராமரிப்பு அது ஒன்றுதான்.

கண்ணாடியைத் தட்டினேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் எழுந்து வந்து தன் கார்டைக் காட்டித் திறந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்குங்கய்யா?"

"நான் வந்ததுலேர்ந்து இப்படித்தான் சார். தட்டுனா நான் தொறந்துடுவேன்."

"நீங்க டீ குடிக்கப் போயிட்டா?"

"பக்கத்துலதான் சார் கடை. தட்டுனா கேக்கும்."

"காலையில கூட்ட வர்றவங்க உள்ளே இருக்கும்போது?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அவங்க போன் பண்ணுவாங்க சார்."

ஆக, அந்தக் கட்டடத்தின் தீப்பாதுகாப்பு ஏற்பாடு இதுதான்: ஒரு பெரியவரின் காது, ஒரு டீக்கடையின் தூரம், கூட்ட வருகிற அம்மாவின் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ். பெரியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அங்கே பழுதாகாமல் வேலை செய்கிற ஒரே எக்ஸிட் ஸ்விட்ச் அவர்தான்.

பொத்தான் கெட்டுவிட்டது என்று யாரோ ஒரு நல்லவர் எழுதிப்போட்டால் அந்தக் கோப்பு எப்படி நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். எலெக்ட்ரிகல் பிரிவு எழுதும்: 'இது 12 வோல்ட், எங்கள் வரம்பில் வராது.' கம்ப்யூட்டர் பிரிவு எழுதும்: 'கார்டு மிஷின் நெட்வொர்க்கில் இருக்கிறது, பொத்தான் நெட்வொர்க்கில் இல்லை, எங்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு பொருளே இல்லை.' சிவில் பிரிவு சுவருக்கு மட்டும் பொறுப்பேற்கும். பாதுகாப்புப் பிரிவு எழுதும்: 'கதவை மூடுவது எங்கள் பணி. திறப்பது தொடர்பாக எங்களுக்கு அறிவுறுத்தல் எதுவும் இல்லை.' பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் எழுதுவார்: 'தொடர்ந்து அமுக்கியதால் ஏற்பட்ட தேய்மானம் ஒப்பந்தத்தில் அடங்காது.' கடைசியில் நிதிப்பிரிவு வரும். நம் நாட்டில் எல்லாக் கோப்பும் கடைசியில் அங்கேதான் போய்ப் படுக்கும். அது கேட்கும்: 'இத்தனை காலம் இந்தப் பொத்தான் இல்லாமலே அலுவலகம் இயங்கியிருப்பதால், இதன் அவசியத்தை விளக்கவும்.'

அவசியத்தை எப்படி விளக்குவது? ஒரு தடவை தீப்பிடிக்க வேண்டும்.

சாமானின் விலை சில நூறு ரூபாய். அதற்கு மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், அந்தப் பட்டியலைச் சரிபார்க்க ஒரு கமிட்டி. கமிட்டி உட்கார்ந்து சாப்பிட்ட போண்டாவின் விலைக்கு எத்தனை பொத்தான் வாங்கலாம் என்று யாரும் தணிக்கை செய்வதில்லை.

டெண்டரையே எடுத்துப் பாருங்கள். உள்ளே விடுகிற மிஷினுக்கு ஒன்றரைப் பக்கம் நிபந்தனை. எத்தனை ஆயிரம் முகத்தை ஞாபகம் வைக்கும், எத்தனை நொடியில் அடையாளம் காணும், தாமதமாக வந்தவனைச் சிவப்பில் காட்டுமா, மேலதிகாரியின் போனுக்குச் செய்தி அனுப்புமா. வெளியே விடுகிற பொத்தானுக்கு? 'இதர உதிரி சாமான்கள், ஒரு செட்.' முகம் பார்க்கும் மிஷினைத் திறந்துவைக்க அதிகாரி வருவார், ரிப்பன் வெட்டுவார், முதல் முகமாகத் தன் முகத்தைக் காட்டுவார், போட்டோ எடுப்பார்கள். எக்ஸிட் ஸ்விட்சுக்கு ரிப்பன் வெட்டிய அதிகாரி எவரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

இதில் முன்னேறியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். பொத்தான் இருந்தால் சிப்பந்தி நினைத்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுகிறானாம். உள்பக்கமும் ஒரு விரல் மிஷின். போகும்போதும் பஞ்ச் அடிக்க வேண்டும். தீப்பிடித்தால் எல்லோரும் வரிசையில் வர வேண்டும். ஒவ்வொருவராக விரல் வைக்க வேண்டும். வேர்த்த விரல் பதியாது. இன்னொரு தடவை வைக்க வேண்டும். மிஷினுக்குள் இருக்கிற பெண் குரல் 'தேங்க் யூ' சொல்ல வேண்டும். அப்புறம் ஓடலாம். பின்னால் நிற்கிறவர் பொறுமை காக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நம்மிடம் இல்லாத சட்டமா! 1948இல் போட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவிலேயே, அறைக்குள் ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே, சுலபமாகத் திறக்க முடியாதபடி பூட்டக்கூடாது என்று எழுதினார்கள். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். நாட்டுக்கு அரசியல் சட்டமே முடிவாகவில்லை. பூட்டக்கூடாது என்பது முடிவாகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், வெளியேறும் கதவைச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்கிறது. கார்டும் சாவிதான். விரலும் சாவிதான். பெரியவரின் கார்டுக்காகக் காத்திருப்பது சாவிக்காகக் காத்திருப்பதுதான். இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததா? அவனும் பிணம் எண்ணித்தான் படித்தான். 1883 ஜூன் 16. இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரம், விக்டோரியா ஹால். நிகழ்ச்சி முடிவில் பரிசுப் பொருள் தருகிறார்கள் என்று மேல்மாடியிலிருந்த குழந்தைகள் படிக்கட்டில் ஓடிவந்தார்கள். கீழே உள்ள கதவு உள்பக்கம் திறப்பது. அதையும் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் நுழையலாம் என்கிற அளவுக்கு இடுக்கு விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். டிக்கெட் பார்ப்பதற்காம். 183 குழந்தைகள் நசுங்கிச் செத்தார்கள். அதற்கப்புறம்தான் 1892இல் அங்கே ஒருவர், உடம்பால் தள்ளினாலே திறக்கிற தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று சினிமாக் கொட்டகைக் கதவில் குறுக்கே இருக்கிற கம்பி அந்த வம்சம்தான்.

நியூயார்க்கில் 1911 மார்ச் 25. ட்ரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி. வேலை பார்க்கும் பெண்கள் துணி திருடிவிடுவார்களாம். ஒரு படிக்கட்டுக் கதவைப் பூட்டி, இன்னொரு வழியாக மட்டும் பையைச் சோதித்து அனுப்பினார்கள். தீப்பிடித்தது. 146 பேர். முதலாளிகள் விடுதலையானார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே முதலாளிகளில் ஒருவர் வேறொரு பட்டறையில் மறுபடி கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். மேனேஜ்மென்ட் என்கிற ஜாதி உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் அதே சாலை நேரே கும்பகோணம் போகிறது. 2004 ஜூலை 16. ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, கூரை வேய்ந்த மாடிக்குப் போனது. ஒடுங்கிய படிக்கட்டு. 94 குழந்தைகள். அதற்கு முன்னால் 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி. மனநலம் சரியில்லாதவர்களைக் குணப்படுத்துகிறோம் என்று சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர். அங்கே கதவு இருந்தும் பயனில்லை. பூட்டு காலில் இருந்தது. டெல்லியில் 1997 ஜூன் 13இல் உபஹார் தியேட்டர். கூடுதலாக நாற்காலி போட்டு நடைபாதையை அடைத்ததில் 59 பேர். பதினெட்டு வருஷ வழக்குக்குப் பிறகு 2015இல் உச்ச நீதிமன்றம் தியேட்டர் முதலாளிகளுக்குப் போட்டது 60 கோடி ரூபாய் அபராதம். டிக்கெட் விற்கப் போட்ட நாற்காலிக்குக் கணக்கை அன்றைக்கு டிக்கெட் மாதிரியே பணத்தில் போட்டார்கள்.

ஒவ்வொரு தீக்குப் பிறகும் ஒரு கமிஷன் வரும், ஓர் அறிக்கை வரும், ஒரு வாரம் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடத்தையும் கொட்டகையையும் அளந்து பார்ப்பார்கள். எட்டாவது நாள் எல்லாக் கதவும் பழையபடி மூடிக்கொள்ளும்.

நெய்வேலிக்காரனுக்கு இதில் ஒரு தனிக் கசப்பு உண்டு. 2020 மே 7ஆம் தேதி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்தது. ஆட்கள் செத்தார்கள். அடுத்த யூனிட்டுகளைப் பற்றிப் பயம் வர இதைவிடப் பெரிய அலாரம் வேண்டுமா? 55 நாள் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, அதே நிலையத்தில் ஐந்தாவது யூனிட் வெடித்தது. அன்றைக்கே 6 பேர். பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக இன்னும் பலர். அங்கே எக்ஸிட் ஸ்விட்ச் விவகாரம் இல்லை, பாய்லர் விவகாரம்; இரண்டையும் குழப்பவில்லை. நான் சொல்வது வேறு. அந்த வாசலில் ஓர் ஆள் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு உள்ளே போனான் என்று கேட்டால் கணக்கு இருக்கும். உள்ளே போனவன் எப்படித் திரும்பி வருவான் என்பதற்குத்தான் கணக்கு இல்லை. வருகைப் பதிவேடு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அப்படிப்பட்ட நாளில் அது ஒரு வேலைக்குத்தான் ஆகும். பிணங்களைச் சரிபார்க்க.

வாசல் எவ்வளவு கச்சிதம் என்பதற்கு இன்னொரு தேதியும் இந்த ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. 2014 மார்ச் 17, இரண்டாவது சுரங்க வாசல். காவலுக்கு நின்ற மத்தியப் படைக்காரருக்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வாக்குவாதம். தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளே விடாமல் இருப்பதற்குத் துப்பாக்கி வரைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வெளியே விடுவதற்கு ஏற்பாடு, செலோ டேப்.

ஆனால் பாதுகாப்பு வாரம் மட்டும் தவறவே தவறாது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். எல்லோரும் வரிசையில் நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். கட்டுரைப் போட்டி, கோஷப் போட்டி, முதல் பரிசு டிபன் கேரியர். ஏப்ரல் 14இல் தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் இறந்த வீரர்களின் நினைவாக. அந்த வீரர்களுக்கு மரியாதையாக நாம் என்ன செய்கிறோம்? மைதானத்தில் ஒரு தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, மேலதிகாரி முன்னிலையில் சிலிண்டரால் அணைத்துக் காட்டுகிறோம். கைதட்டல். மைதானத்துக்குக் கதவு கிடையாது. அதனால் ஒத்திகை எப்போதும் வெற்றி. அந்தக் கைதட்டலுக்குப் பிறகு எல்லோரும் ஏசி ஹாலுக்குள் போய் நன்றியுரை கேட்பார்கள். ஹால் கதவு பின்னால் 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும். பொத்தான் வேலை செய்கிறதா என்று அங்கே இருக்கிற பாதுகாப்பு அதிகாரி ஒருவருக்காவது அமுக்கிப் பார்க்கத் தோன்றாது.

கேட்டால் ஒரே பதில்: பாதுகாப்புக் காரணங்கள். யாருடைய பாதுகாப்பு? உள்ளே இருப்பது பழைய பைல், பழைய கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர்க் கேன். இதைத் திருட வருகிறவனுக்கு அரசு உதவித்தொகை கொடுக்க வேண்டும். சரி, மிஷினையாவது நம்பலாமா? உலகத்திலேயே பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளில் ஒன்றான ஃபேஸ்புக்குக்கே 2021 அக்டோபர் 4இல் என்ன ஆனது? அவர்களுடைய நெட்வொர்க் விழுந்தது. நெட்வொர்க்கை நம்பியிருந்த கார்டு மிஷின்களும் சேர்ந்து விழுந்தன. ஊழியர்களே தங்கள் கட்டடத்துக்குள் போக முடியாமல் வெளியே நின்றார்கள். பழுது பார்க்க வந்தவர்களுக்கும் உள்ளே நுழைவதே பெரும்பாடு. அவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள், மாட்டிக்கொண்டது வெளிப்பக்கம். நாம் மாட்டிக்கொள்வது உள்பக்கம்.

உள்ளே மாட்டிக்கொள்வது யார் என்பதையும் பார்த்துவிடுங்கள். மேலதிகாரிக்குக் கார்டு இருக்கிறது, முகம் மிஷினில் இருக்கிறது, திறந்துவிட ஆளும் இருக்கிறது. விடிகாலையில் கூட்ட வருகிற அம்மாவுக்குக் கார்டு கிடையாது; சூப்பர்வைசர் திறந்து விட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். ஏசி பழுது பார்க்க வந்த பையனுக்குக் கிடையாது. மாத்திரை கொடுக்க வந்தவருக்குக் கிடையாது. ஸ்கேன் எடுக்க அழைத்துவந்த பாட்டிக்குக் கிடையாது. யாருக்குப் பொத்தானை விட்டால் வேறு கதி இல்லையோ, அவர்களுக்காக மாட்டிய பொத்தான்தான் டேப் ஒட்டிக் கிடக்கிறது. பொத்தான் மேலே 'புஷ் டு எக்ஸிட்' என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருப்பதும் அதே அக்கறையில்தான்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு கட்டடத்துக்குப் போகும்போது, வெளியே வரும் நேரம்வரை காத்திருக்காதீர்கள். உள்ளே போனதும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். செக்யூரிட்டி முறைப்பார்; முறைக்கட்டும். திறக்கவில்லை என்றால் யாரிடமும் வாய்ச்சண்டை போட வேண்டாம், கையில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். பொதுத்துறை அலுவலகம் என்றால் அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு, தனியார் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறைக்கு எழுதுங்கள். இந்தக் கட்டடத்தின் எக்ஸிட் ஸ்விட்சைக் கடைசியாகச் சோதித்த தேதி எது? தீ அலாரம் அடித்தால் பூட்டு விடுகிறதா? இதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி என்ன? சாதாரணமாகப் பதிலுக்கு 30 நாள் கெடு. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 7(1) பிரிவின்படி 48 மணி நேரம். மனுவில் அந்தப் பிரிவை மறக்காமல் குறிப்பிடுங்கள். 'உள்ளிருந்து திறக்காத கதவு உயிர் சம்பந்தப்பட்டது அல்ல' என்று பதில் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். பத்திரமாக வைத்திருங்கள். கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்பது ஒருநாள் கோர்ட்டில் தேவைப்படும்.